கார்டு போயிடுச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

இந்த மாதம் வந்த கடிதங்களில், திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு பற்றியவைதான் அதிகம். ஊர் வேறு, கார்டு வேறு. புகார் மட்டும் ஒன்று. "மாட்டியிருக்கிறேன், ஆனால் கணினி காட்ட மாட்டேங்குது." தூத்துக்குடியில் 19 வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நல்ல கார்டை 'போச்சு' என்று சொல்லி ஓரங்கட்டியதை நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே ஒதுக்குகிறேன்.

கே: மகள் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீடியோ எடிட்டிங்குக்காக ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்றைப் பழசாக வாங்கி, வீட்டுக் கணினியில் மாட்டினோம். ஃபேன் சுற்றுகிறது. கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில், பிராசஸரோடு வந்த இன்டெல் கிராபிக்ஸ் மட்டும்தான் தெரிகிறது. கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவரைப் போட்டால் 'பொருத்தமான ஹார்டுவேர் இல்லை' என்கிறது. பக்கத்துக் கடையில் கார்டு போய்விட்டது என்கிறார்கள். புதுசு வாங்குவதுதான் வழியா? – ஒரு தந்தை, விருதுநகர்

ப: ஐயா, புதுசு வாங்க அவசரப்படாதீர்கள். கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கார்டை வேறு எந்தக் கணினியில் போட்டுப் பார்த்தீர்கள்?" வேறொன்றில் போட்டுப் பார்க்காமல் யாரும் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது.

ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம். கார்டுக்கு 12 வோல்ட் போகிறது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

கார்டு 'தெரிவது' எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு வெகு முன்பே, மதர்போர்டில் பதிந்திருக்கும் துவக்க மென்பொருளான பயாஸ், கார்டு செருகும் ஸ்லாட் ஒவ்வொன்றாகப் போய் "அங்கே யார்?" என்று கேட்கும். உயிரோடு இருக்கும் கார்டு இரண்டு எண்களைப் பதிலாகச் சொல்லும். ஒன்று கம்பெனி எண், மற்றது மாடல் எண். இன்டெலின் எண் 8086. 1978-இல் அவர்கள் விட்ட பிராசஸரின் பெயரும் அதுதான். ஏஎம்டி கார்டு என்றால் 1002, என்விடியா என்றால் 10டிஇ. இந்த எண் வந்து சேர்ந்துவிட்டால் மீதியெல்லாம் டிரைவர் விவகாரம், உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். எண்ணே வரவில்லை என்றால் நூறு தடவை டிரைவர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. கேபினட்டைத் திறக்கத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டில் எண் வருகிறதா என்று பார்க்க, டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பில், மஞ்சள் முக்கோணத்தோடு 'வீடியோ கன்ட்ரோலர்' என்று ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் ரைட் கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த எண் தெரியும். என் கடையில் இன்னொரு வழியும் உண்டு: விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவ். அதில் கணினியைத் துவக்கி 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையைக் கொடுத்தால் ஸ்லாட்டில் பதில் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்துவிடுவார்கள். விண்டோஸில் எத்தனை குளறுபடி இருந்தாலும் இதைப் பாதிக்காது. உங்கள் மகளையே ஒன்று தயாரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு மாலை நேர வேலைதான்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எண் வரவில்லை என்றே தோன்றுகிறது. அப்படியானால் மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். இனி கார்டைப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவர், மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு என்னிடம் கார்டையும் கேபினட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். கார்டை மேசையில் வைத்திருந்த என் டெஸ்ட் போர்டில் செருகினேன், உடனே படம் வந்தது. அவருடைய கேபினட்டில் செருகினேன், வந்தது. ஸ்க்ரூவை முறுக்கி மூடினேன், போய்விட்டது. விஷயம் ஸ்க்ரூவில்தான் இருந்தது. கார்டின் பின்பக்கத் தகடு கீழே நாக்கு மாதிரி முடியும். மதர்போர்டுக்கும் கேபினட் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் அந்த நாக்கு இறங்க வேண்டும். அவருடைய கேபினட்டில் அந்த இடுக்கு ஒரு நூல் தள்ளியிருந்தது. ஸ்க்ரூவை முறுக்க முறுக்க இந்தப் பக்கம் கீழே அழுந்தி, கார்டின் மறுமுனை கண்ணுக்குத் தெரியாமல் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. குறடால் நாக்கைக் கொஞ்சம் வளைத்தேன். அவ்வளவுதான். அந்தத் தம்பி அதற்குள் தவணையில் புதுக் கார்டு வாங்க முன்பணம் கட்டியிருந்தார். அது இன்றைக்கும் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த மறுமுனை ஏன் முக்கியம் என்றால், நீளமான ஸ்லாட்டில் பக்கத்துக்கு 82 வீதம் 164 தொடுமுனைகள் இருக்கின்றன. "நான் வந்துவிட்டேன்" என்று சொல்வதற்கென்றே ஒதுக்கிய பின்கள் கார்டு விளிம்பின் இரண்டு கோடியிலும் உண்டு. அவை மற்றவற்றைவிடக் குட்டை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்கோடியில் ஒன்று குட்டையாக இருப்பது தெரியும். மற்றதெல்லாம் தொட்ட பிறகு கடைசியாகத் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எல்லா மதர்போர்டும் அந்தப் பின்னைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்றாலும், கார்டு முழுசாக இறங்கியதா என்பதற்கு உள்கோடிதான் அடையாளம். அங்கே இருக்கும் லாக் 'டக்' என்று விழுந்ததா, தங்க நிறக் கோடு வெளியே தெரியாமல் மறைந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. உங்கள் கார்டு 125 வாட் இழுக்கும். ஸ்லாட் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாட். மீதிக்குத்தான் தலையில் 8 பின் இணைப்பு. அதைச் செருகாமல் விட்டால் ஃபேன் சுற்றும், கார்டு பேசாது. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த 8 பின் ஒயர் சொந்தமாகவே இருக்கிறதா, அல்லது கடைக்காரர் கன்வெர்ட்டர் கொடுத்தாரா? ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். 8 பின்னோ 150 வாட் வரைக்கும் கேட்கலாம் என்று வகுத்தது. அந்தக் கன்வெர்ட்டரின் வெள்ளை பிளாஸ்டிக் உருகி, பின்னோடு ஒட்டிக்கொண்டதைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

ஸ்டிக்கரில் '450 வாட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 என்று இருந்தால் 12-ஐ 15-ஆல் பெருக்குங்கள், 180 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான் அதில் இருக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கு அது காணாது. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்தான் இன்னமும் ஓடுகிறது என்றால், கார்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள். செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள், தப்பே இல்லை.

இதுவும் சரியாக இருந்தால் பயாஸ். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியதாக ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கும், சிஆர் 2032. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். நாலைந்து வருடமான பேட்டரி என்றால் புதுசாகவே போடுங்கள், அற்ப விலைதான். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டில் செருகிவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

கடைசியாக, தெரிந்தவர் வீட்டுக் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் கார்டை அதில் போடுங்கள். அவருடைய கார்டு ஒன்றை உங்கள் ஸ்லாட்டில் போடுங்கள். அவர் கணினியின் எஸ்எம்பிஎஸ் போதுமானதாக இருந்தும் உங்கள் கார்டு அங்கே பேசவில்லை, அவர் கார்டு உங்களிடம் பேசுகிறது என்றால் மட்டும் கார்டு போய்விட்டது என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

கே: ராமேஸ்வரத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராபிக்ஸ் கார்டு காணாமல் போகிறது. கழற்றி மாட்டினால் வந்துவிடுகிறது. கடை கடலிலிருந்து இருநூறு அடிதான். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ப: சம்பந்தம் இருக்கிறது. எங்கள் ஊரிலும் இதே கதைதான். உப்புக்காற்று ஜன்னல் கம்பியை மட்டும் தின்பதில்லை. கார்டு விளிம்பில் தங்க நிறத்தில் பளபளப்பது மிக மெல்லிய பூச்சு. அதற்கடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. பூச்சில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரமும் உப்பும் இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரித்து, மேலே ஒரு மங்கலான படலம் கட்டும். நீங்கள் கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் உரசிப் போகிறது, கார்டு திரும்ப வருகிறது. சில மாதத்தில் மறுபடி கட்டிவிடுகிறது.

அதனால் அடுத்த தடவை வெறுமனே கழற்றி மாட்டாமல் சுத்தம் செய்து மாட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர், மெதுவானது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடவே கூடாது. அது பூச்சையே தேய்த்து எடுத்துவிடும். கோடுகள் நீளும் திசையிலேயே ஒரு பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு போதும். குறுக்கே தேய்க்காதீர்கள். ரப்பர் தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் நனைத்து ஒரு முறை துடையுங்கள். சானிடைசரை எடுத்துத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், வேண்டாம். ஸ்லாட்டுக்குள் பஞ்சுக் குச்சி விட்டுக் குடையாதீர்கள். நூல் சிக்கும், சிக்குகிற வேகத்தில் பின் வளையும். ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகு கார்டை மூன்று நான்கு முறை செருகி எடுத்தாலே உள்ளே இருப்பதும் உரசிச் சுத்தமாகிவிடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். சீசன் இல்லாத நாட்களிலும் தினம் ஒரு மணி நேரமாவது அந்தக் கணினியை ஓட விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும், அதன்மேல் ஈரம் தங்காது. பத்து நாள் பூட்டிவைத்த கணினிக்குத்தான் ஆபத்து. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதும் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைப்பது மாதிரிதான். பழைய பருத்தி வேட்டி ஒன்றைப் போர்த்துங்கள்.

கே: ரைசன் 5 5600 பிராசஸர் வாங்கினேன். கார்டு இன்னும் வரவில்லை. மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ-யில் ஒயரைச் செருகினால் படமே வரவில்லை. போர்டு பழுதா? – மாணவர், கோவில்பட்டி

ப: பழுது இல்லை தம்பி. அந்தப் பிராசஸருக்குள் படம் வரைகிற பகுதியே கிடையாது. பெயரின் கடைசியில் 'ஜி' போட்ட 5600ஜி-யில் உண்டு. இன்டெலில் 10400எஃப், 12400எஃப் என்று 'எஃப்' வந்தால் அதிலும் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருப்பது, 'ஜி' பிராசஸர் போடுகிறவருக்காக. கார்டு வரும்வரை காத்திருங்கள்.

கே: ஆர்எக்ஸ் 580 கார்டு ஒன்றைப் பழசாக வாங்கினேன். டிவைஸ் மேனேஜரில் பெயரும் வருகிறது. கூடவே மஞ்சள் முக்கோணமும் 'கோடு 43' என்ற பிழை எண்ணும் வருகிறது. நாலு விதமான டிரைவர் போட்டாகிவிட்டது. – வங்கி ஊழியர், திருநெல்வேலி

ப: பெயர் வருகிறது என்றாலே பாதிக் கவலை தீர்ந்தது, கார்டு பதில் சொல்கிறது. 'கோடு 43' என்றால், இந்தக் கருவி தனக்குக் கோளாறு என்று தானே தெரிவித்துவிட்டதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள்.

ஆர்எக்ஸ் 580 என்றதும் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் மைனிங். எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டு வைத்துக் கணக்குப் போட்டுத் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மாடலைத்தான் வரிசையாக மாட்டி ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையையே கைவிட்டதும் அந்தக் கார்டுகள் எல்லாம் பழைய சந்தைக்கு வந்துவிட்டன. தோண்டும் வேகத்துக்காகப் பலர் கார்டுக்குள் தனியாக இருக்கும் பயாஸையே மாற்றி எழுதியிருப்பார்கள். மாற்றி எழுதிய பயாஸை ஏஎம்டியின் டிரைவர் ஏற்காது, முரண்டு பிடிக்கும்.

கார்டின் மேல் விளிம்பில் குண்டூசித் தலையளவு சுவிட்ச் ஒன்று இருக்கிறதா பாருங்கள். எல்லாக் கார்டிலும் இருக்காது; இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். உள்ளே இரண்டு பயாஸ் இருக்கிறது என்று அர்த்தம். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சை மறுபக்கம் தள்ளுங்கள். மைனிங் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் தொட்டிருப்பார்கள். பிறகு விண்டோஸை சேஃப் மோடில் துவக்கி, 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளால் இதுவரை போட்ட நாலு டிரைவரையும் துடைத்துவிட்டு, ஏஎம்டி தளத்திலிருந்து ஒன்றை மட்டும் போடுங்கள். துடைத்ததிலிருந்து போட்டு முடிக்கும் வரை இன்டர்நெட் ஒயரைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் நடுவில் புகுந்து தனக்குத் தோன்றியதைப் போட்டுவிடும்.

சுவிட்ச் இல்லையென்றால் அசல் பயாஸை எழுத வேண்டியிருக்கும். உங்கள் கார்டின் மெமரி எந்தக் கம்பெனி என்பது வரை பார்த்துப் பொருத்தமானதைத் தேட வேண்டும். தவறினால் இப்போது பேசுகிற கார்டும் பேசாமல் போகும். அனுபவம் உள்ள ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

கே: ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி வாங்கினேன். பெயர் சரியாகத் தெரிகிறது. என்விடியா டிரைவர் போட்டால் திரை கறுத்து நின்றுவிடுகிறது. விற்றவர் உங்கள் மதர்போர்டு சரியில்லை என்கிறார். – ராணிப்பேட்டை வாசகி

ப: அம்மா, கார்டின் பின்பக்கம் பாருங்கள். பழைய மானிட்டர் ஒயரைச் செருகும் நீல நிற விஜிஏ போர்ட் இருக்கிறதா? 1050 டிஐ 2016-இல் வந்தது. அந்தத் தலைமுறைச் சிப்களிலேயே என்விடியா பழைய விஜிஏ வெளியீட்டை எடுத்துவிட்டது. ஆகவே விஜிஏ போர்ட் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்து விற்கிறார்கள். முதல் பதிலில் சொன்னேனே, "அங்கே யார்?" என்ற கேள்வி, அதற்குப் பொய்ப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்த கார்டு அது. டிரைவரோ பெயரை நம்பி 1050 டிஐ-க்கான வேலையைத் தொடங்குகிறது. உள்ளே இருப்பது வேறு சிப், அதனால் அப்படியே நின்றுவிடுகிறது.

டிரைவர் போடாமலேயே 'ஜிபியூ இசட்' என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். இந்த மாதிரி போலிகளை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும். அசலில் 768 கோர்கள் (கணக்குப் போடும் சிறு பகுதிகள்) இருக்கும், ஜிடிஎஸ் 450-இல் 192-தான். அந்தத் திரையைப் படமெடுத்து, கார்டின் பின்பக்கப் படத்தையும் சேர்த்து, வாங்கிய தளத்தில் இன்றே புகார் போடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்தாக வேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். உங்கள் மதர்போர்டை அதுவரை யாரும் கழற்ற விடாதீர்கள்.

கே: லேப்டாப்பில் என்விடியா இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். போன வாரம் வரை இருந்தது. இப்போது டாஸ்க் மேனேஜரில் இன்டெல் மட்டும்தான். – பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரை

ப: லேப்டாப்போடு வந்த கன்ட்ரோல் மென்பொருளைத் திறந்து பாருங்கள். சில லேப்டாப்களில் 'ஈகோ' அல்லது 'ஐஜிபியூ மட்டும்' (பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் மட்டும்) என்று ஒரு மோடு இருக்கும். பேட்டரி மிச்சப்படுத்த அது என்விடியாவை அடியோடு அணைத்துவிடும். டிவைஸ் மேனேஜரிலும் வராது. கை பட்டு மாறியிருக்கலாம். அதை மாற்றி, சார்ஜரைச் செருகி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் லேப்டாப் மாடலையும், பயாஸ் திரையில் என்விடியா தெரிகிறதா என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்களுடையதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.